பிள்ளையின் தலையில் வட்டமாக முடி கொட்டினால்: ஒட்டுமா, ஒட்டாதா?

படுவான்கரை டீச்சர் | செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். நாலாம் தரத்தில் ஒரு பெண்பிள்ளை. போன தவணை முடிவில் வலது காதுக்கு மேலே ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு வட்டம் தெரிந்தது. இப்போது பின்பக்கம் இன்னொன்று. தோல் வழவழவென்று இருக்கிறது. சொறி இல்லை, செதில் இல்லை, பிள்ளை சொறிவதும் இல்லை. தாய் ரெட்டைப் பின்னலை இழுத்து, ரிப்பன் மறைக்கிற மாதிரி கட்டி அனுப்புகிறார்.

பிரச்சினை முடியில் இல்லை. இரண்டு பெற்றோர் வந்து, "டீச்சர், இது தொத்து வியாதி, எங்கட பிள்ளைக்குப் பக்கத்தில இருத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைப் பிள்ளைகளும் கேட்டுவிட்டார்கள். பட்டப்பெயரும் வைத்தாயிற்று. இப்போது அவள் இடைவேளைக்கு வெளியே வருவதில்லை. கரும்பலகைக்கு வரச் சொன்னாலும் தலையைக் கையால் பொத்திக்கொண்டுதான் எழும்புகிறாள்.

அடுத்த கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. பிள்ளைகளின் முடி உதிர்வு பற்றிப் பத்து நிமிடமாவது பேச நினைக்கிறேன். யாருடைய பெயரும் வராது. ஆனால் பேசுவதைச் சரியாகப் பேச வேண்டும். அனுபவப்பட்டவர்கள், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கல்லடி அம்மா | செவ்வாய், இரவு 9.25

டீச்சர், நீங்கள் எழுதினதை வாசிக்கவே நெஞ்சு பதறுது. என்ட மகனுக்கு ஆறு வயசில தொடங்கினது. இதே மாதிரித்தான், வழவழ வட்டம். புழுவெட்டு என்று எங்கட பக்கம் சொல்லுற அதுதான். தோல் டொக்டர் எங்களுக்கு முதல் வாய்ச்சொல்லாகச் சொன்னது, "இது ஒருத்தருக்கும் ஒட்டாது. அண்ணன் தம்பியோட ஒரே பாயில படுக்கலாம், ஒரே சீப்பால இழுக்கலாம்." அதைக் கேட்ட பிறகுதான் வீட்டில எல்லாருக்கும் மூச்சு வந்தது.

ஆனா ஊர் விடாதே. ஒருத்தர் பல்லி மூத்திரம் என்பார், ஒருத்தர் கரப்பான் பூச்சி கடிச்சது என்பார். பிள்ளை பக்கத்தில நிக்கேக்கையே, "ஐயோ பாவம், இனி முளைக்காதா?" என்று கேப்பாங்க. என்ட மகனுக்கு முதல் வட்டங்கள் எல்லாம் திரும்ப முளைச்சிற்று. வெள்ளையா, பூனைமயிராத் தொடங்கி, பிறகு கறுத்தது. அதுக்குப் பிறகு வேற இடத்தில ஒண்டு வந்தது, அதுவும் போனது. இப்ப அவனே கண்ணாடி பார்த்து, "அம்மா, இஞ்ச ஒண்டு தொடங்குது" என்று சொல்லுவான். அழுறதில்ல.

அந்தத் தாயோட ஒருக்கா தனியாக் கதையுங்க டீச்சர். கூட்டத்துக்கு முதல் கதையுங்க. பெயர் சொல்லாட்டியும், வகுப்பில ஒரே ஒரு பிள்ளைக்குத்தானே இருக்கு, எல்லாரும் திரும்பி அந்தத் தாயைத்தான் பார்ப்பாங்க. அவவுக்கு விருப்பமில்லாட்டி வேற மாதிரித் தொடங்குங்க.

சம்மாந்துறை சலூன் | செவ்வாய், இரவு 10.02

நான் முடி வெட்டுற ஆள். ஒண்டு சொல்லணும். எல்லா வட்டமும் ஒரே வட்டம் இல்ல. டீச்சர் சொன்ன மாதிரி வழவழப்பா இருக்கிறதும் வரும். ஆனா சின்னப் பொடியனுகள்ட தலையில வேற ஒரு சாமான் வரும். வட்டம் இரிக்கும், அதுக்குள்ள வெள்ளைச் செதில் இரிக்கும், முடி முழுசாக் கொட்டாம தோல் மட்டத்தில முறிஞ்சு கரும்புள்ளியா நிக்கும். பொடியன் சொறிஞ்சு கொண்டே இரிப்பான். அது ஒட்டும். வீட்டில தம்பி தங்கச்சிக்கும் வரும்.

அப்பிடி ஒரு தலை வந்தா நான் மெசினைத் தொடுறதில்ல. வாப்பாக்கிட்ட மெல்லமாச் சொல்லுவன், "மொட்டை அடிச்சா சரி வராது, டொக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க." சில பேர் கோவப்பட்டு அடுத்த கடைக்குப் போவாங்க. அங்க வெட்டின மெசினாலயே அடுத்த பொடியனுக்கும் வெட்டுவாங்க. கடைக்காரமார் ஒவ்வொரு தலைக்குப் பிறகும் மெசின் பல்லைத் தூரிகையால தட்டி, மருந்து அடிச்சுத் துடைக்கணும். சீப்பையும் கழுவணும். துவாயை மாத்தணும். உம்மா வாப்பாமாரும் அதைக் கேக்கணும், கேக்கிறதில வெக்கம் இல்ல.

பழைய வார்டுத் தாதி | புதன், காலை 6.15

சலூன் தம்பி சொன்னதை டீச்சர் கட்டாயம் கூட்டத்தில் சொல்ல வேண்டும். நான் தோல் கிளினிக்கில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தாய்மார் குழம்புவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வழவழப்பான வட்டத்துக்கு வைத்தியத்தில் அலோபீசியா ஏரியேட்டா என்று பெயர். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய எங்கள் உடம்பின் வெள்ளை அணுக்கள், முடி முளைக்கிற வேர்ப்பையை அந்நியம் என்று நினைத்துத் தாக்குகின்றன. முடி விழுந்துவிடும், வேர்ப்பை சாகாது. வெள்ளாமை வெட்டின பிறகும் வயல் வயலாகவே கிடக்கிற மாதிரி. அதனால்தான் மாதக்கணக்கில் மொட்டையாக இருந்த இடத்திலும் திரும்ப முளைக்க முடிகிறது. உலகத்தில் நூறு பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வரும். அதில் நிறையப் பேருக்குத் தொடங்குவது சிறு வயதில். தாய் சுத்தமாக வைத்திருக்காததால் வருவதில்லை. எண்ணெய் வைக்காததாலும் இல்லை. குடும்பத்தில் தைரொயிட், வெண்புள்ளி, ஆஸ்துமா, தோல் கரப்பான் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூட.

வட்டத்தின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்கும். நகத்தையும் பாருங்கள், ஊசி குத்தின மாதிரி சிறு குழிகள் இருக்கலாம். ஒன்றிரண்டு வட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைக்கும். காதைச் சுற்றிப் பின்கழுத்து வரை பட்டையாகப் போனாலோ, புருவம் இமை விழத் தொடங்கினாலோ, மிகச் சின்ன வயதில் வேகமாகப் பரவினாலோ தாமதிக்காமல் தோல் வைத்தியரிடம் போக வேண்டும். பூசுகிற ஸ்டிரொயிட் மருந்து, மினொக்ஸிடில் எல்லாம் உண்டு. வட்டத்துக்குள் போடுகிற ஊசி வலிக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை.

இனி மற்றது. செதில், சொறி, முறிந்த முடி, பின்கழுத்தில் நெறி கட்டுவது. இது பங்கசு, தலையில் வருகிற படர்தாமரை. இது ஒட்டும். சீப்பு, தொப்பி, துவாய், தலையணை வழியாகவும், பூனைக்குட்டி நாய்க்குட்டி வழியாகவும் வரும். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, முழுசாகச் சுகப்படுத்தலாம். ஒரே நிபந்தனை, குடிக்கிற மருந்து வேண்டும். பங்கசு முடியின் உள்ளே இறங்கி இருக்கும், பூசுகிற கிரீம் அங்கே போகாது. கிரீசியோபல்வின் போன்ற மருந்தை ஆறு எட்டுக் கிழமை தொடர்ந்து கொடுக்க வேண்டி வரும். பால் அல்லது கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். சொறி நின்றவுடன் நிறுத்திவிடுவார்கள், பிறகு திரும்ப வந்துவிட்டது என்று வருவார்கள்.

பாமசியில் கேட்டு வாங்கிப் பூசுகிற கலவை ஒயின்மென்ற்களில் ஸ்டிரொயிட் இருக்கும். பூசினால் சிவப்புக் குறையும், பங்கசு உள்ளே சுகமாக வளரும். சில பிள்ளைகளுக்குத் தலையில் சீழ் வடிகிற பெரிய கட்டியாகப் பொங்கும். அதைக் கீறக் கூடாது. நாள் போனால் அந்த இடத்தில் தழும்பு விழுந்து முடி நிரந்தரமாகவே போய்விடும். உள்ளதிலேயே அவசரம் இதுதான்.

வந்தாறுமூலை ஐயா | புதன், காலை 9.50

எல்லாம் சரி. ஆனால் எங்கட அப்பாட காலத்தில் குண்டுமணியை அரைத்து இரண்டு கிழமை பூசுவார்கள், முடி முளைக்கும். கண்ணால் கண்டிருக்கிறேன். சின்ன வெங்காயமும் தேய்ப்பார்கள். கிளினிக்குக்கு அலையத் தேவையில்லாத காலம் அது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பழைய வார்டுத் தாதி | புதன், காலை 11.30

ஐயா, நீங்கள் கண்டது உண்மைதான். ஒன்றும் பூசாமல் விட்டிருந்தாலும் அந்த வட்டங்களில் அனேகமானவை முளைத்துத்தான் இருக்கும். தானாக முளைக்கிற நோய் என்பதால், கடைசியாக எதைப் பூசினார்களோ அதற்குப் பெயர் போய்விடுகிறது.

வெங்காயச் சாறு சின்னப் பிள்ளையின் தோலை எரித்துப் புண்ணாக்கும். குண்டுமணி வேறு கதை. அதற்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. முழு மணியின் தோடு தடித்தது, நஞ்சு வெளியே வராது. அரைத்தால் வந்துவிடும். பூசின இடத்தைப் பிள்ளை தொடும், கை வாய்க்கும் கண்ணுக்கும் போகும். தயவுசெய்து இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம் ஐயா. ஊமத்தையும் அப்படித்தான். தேங்காய் எண்ணெய் வைத்துத் தலையைத் தடவி விடுங்கள், அதில் கெடுதி இல்லை, பிள்ளைக்கும் ஆறுதல்.

வந்தாறுமூலை ஐயா | புதன், மாலை 4.10

குண்டுமணி மாட்டுக்கு நஞ்சு என்று தெரியும், மனிசருக்கும் நஞ்சு என்று யோசிக்கவில்லை. சரி பிள்ளை, விளங்கினது.

காத்தான்குடி உம்மா | புதன், இரவு 9.05

அஸ்ஸலாமு அலைக்கும். மிஸ், என்ட மகள் அஞ்சாம் வகுப்பு, ஸ்கொலசிப் சோதினைக்குப் படிக்கிறா. தலையில இடது பக்கம் மட்டும் முடி குறைஞ்சிரிக்கு. வட்டம் என்று சொல்ல ஏலாது, ஒரு ஒழுங்கில்லாத வடிவம். உள்ளுக்கு முடி இரிக்கு, ஆனா ஒண்டு நீளம், ஒண்டு கட்டை. செதில் இல்ல. பள்ளிக்கு ஸ்காப் கட்டிப் போறதால டீச்சர்மாருக்கும் தெரியல்ல, நானும் வெள்ளிக்கிழமை தலை முழுக வாக்கக்குள்ளதான் கண்டன். மேசைக்கு அடியில முடி கிடந்தது, கூட்டிப் பார்த்தா ஒரு பிடி வரும். இது என்ன?

பழைய வார்டுத் தாதி | புதன், இரவு 9.48

வஅலைக்குமுஸ்ஸலாம். தங்கச்சி, மகள் வலது கையால் எழுதிக்கொண்டு இடது கையால் முடியைச் சுருட்டி இழுக்கிறாவா என்று சத்தம் போடாமல் கவனியுங்கள். நீங்கள் சொல்கிற அடையாளம் தன் முடியைத் தானே பிடுங்குகிற நிலைக்குப் பொருந்துது. பல பிள்ளைகளுக்குத் தாங்கள் பிடுங்குவதே தெரியாது. மனதில் பாரம் கூடினால் கை தானாகப் போகும். அடித்தோ, விரலில் மிளகாய் தடவியோ, கையைக் கட்டியோ இதை நிறுத்த முடியாது, இன்னும் கூடும்.

முதலில் டொக்டர் தலையைப் பார்த்து மற்ற நோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். பிறகு சிறுவர் மனநல கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அங்கே போவதைக் குறைவாக நினைக்காதீர்கள். பேசி, பழக்கத்தை மாற்றிப் பயிற்சி கொடுப்பதுதான் இதற்கு வைத்தியம். ஒன்று மட்டும் கேட்டு அறியுங்கள், பிடுங்கின முடியை வாயில் வைக்கிறாவா? விழுங்கினால் வயிற்றில் பந்தாகச் சேரும். வயிற்றுவலி, சத்தி, சாப்பாடு இறங்காமை இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஸ்காபுக்குள்ளே கொண்டையை இறுக்கிக் கட்டுவதையும் விடுங்கள். அது வேற பிரச்சினை கொண்டுவரும். ரெட்டைப் பின்னல் போடுகிற தாய்மாருக்கும் இதே சொல்தான். நெற்றி ஓரமும் காது ஓரமும் முடி பின்வாங்கினால் பின்னல் இறுக்கம் என்று அர்த்தம். தளர்த்தினால் வரும், வருடக்கணக்கில் இழுத்தால் வராது.

காத்தான்குடி உம்மா | புதன், இரவு 10.20

வாயில வைக்கிறல்ல மிஸ், கேட்டன். அவவே அழுதிட்டு, "உம்மா, எனக்கு நிப்பாட்ட ஏலாம இரிக்கு" எண்டா. நான் கட்டிப்பிடிச்சுக் கொண்டன். டியூசன் ஒண்டை நிப்பாட்டுறன். அல்லாஹ் உங்களுக்குக் கிருபை செய்யட்டும்.

வாழைச்சேனை அப்பா | வியாழன், காலை 7.30

என்ட மகனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில வைச்சு எடுத்தம். சுகமாகி இரண்டு மாதம் தாண்டினாப் பிறகு இப்ப முழுத்தலையிலயும் முடி கொட்டுது. வட்டம் இல்ல. தலையணை முழுக்க முடி.

பழைய வார்டுத் தாதி | வியாழன், காலை 8.00

கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் இப்படிக் கொட்டும். காய்ச்சலின் அதிர்ச்சியில் ஏராளம் முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், பிறகு ஒன்றாக விழுகிறது. புது முடி அடியில் வந்துகொண்டிருக்கும். ஆறு மாதம் அளவில் சரியாகும். மீன், முட்டை, கீரை, பருப்பு கொடுங்கள். பிள்ளை வெளிறிச் சோர்ந்து இருந்தால் மட்டும் இரும்புச்சத்துக்கு இரத்தம் சோதித்துப் பார்க்கலாம்.

திருக்கோவில் தம்பி | வியாழன், இரவு 11.15

நான் இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஆரம்பப் பள்ளியிலேயே தலை முழுக்கப் போனது, பிறகு புருவம், இமை, உடம்பு எல்லாம். இன்றைக்கு வேலை செய்கிறேன், முடி வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை, மிகச் சிலருக்குத்தான் இந்த அளவுக்குப் போகும். ஆனால் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத சில விஷயம் இருக்கு.

முடி அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். புருவம் இல்லாவிட்டால் வியர்வை நேரே கண்ணுக்குள் இறங்கும். இமைமயிர் இல்லாவிட்டால் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கட கடற்கரை மணல் முழுக்கக் கண்ணுக்குள்தான். மூக்குமயிர் இல்லாததால் தடிமன் இல்லாமலே மூக்கு ஒழுகும். "மூக்கைத் துடை" என்று வகுப்பில் ஏச்சு வாங்குவேன். மைதானத்தில் நின்றால் உச்சி வெந்துவிடும். தொப்பியும் கண்ணாடியும் எனக்கு ஸ்டைல் இல்லை, தேவை.

பள்ளிக்கூடத்தில் தொப்பி போடக் கூடாது என்று சட்டம். இல்லங்களாகப் பிரிந்து நடக்கிற விளையாட்டுப் போட்டிக்கு நான் வரமாட்டேன் என்று வீட்டில் கிடந்தேன். எங்கட இல்லத்துக்குப் பொறுப்பான சேர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கட இல்லத்துப் பிள்ளைகள் எல்லோரும் இல்ல நிறத்தில் தொப்பி போட வேண்டும் என்று அறிவித்துவிட்டார். அணிநடையில் முழு இல்லமும் தொப்பி. அன்றைக்கு நான் ஓடினேன்.

நோயால் அழுததை விட ஆட்களால் அழுததுதான் கூட. கலியாண வீட்டில் சொந்தக்கார மாமிமார் கேட்காமல் தொப்பியைத் தூக்கிப் பார்ப்பார்கள். நேர்த்தி வைக்கிறது அவரவர் நம்பிக்கை, ஆனால் பிள்ளையின் முன்னால், "இவன்ட தலை சரியானால் காவடி" என்று அழுது வைக்கும்போது, நான் ஒரு பெரிய குறை என்று எனக்கு நானே முடிவெடுத்துவிட்டேன். 2022 ஒஸ்கார் மேடையில் ஜேடா பிங்கெட் ஸ்மித்தின் மொட்டைத் தலையைப் பற்றிப் பகிடி விட்டதும் வில் ஸ்மித் அறைந்ததும் எங்கட ஊர்ச் சந்தியிலும் கதையானது. அறையைத்தான் பேசினார்கள். அவவுக்கு இருக்கிறது என்ன நோய் என்று ஒருத்தரும் பேசவில்லை.

டீச்சர், அந்தப் பிள்ளையைத் தனியாக இருத்தச் சொல்கிற பெற்றோருக்கு இடம் கொடுக்காதீர்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

கல்லடி அம்மா | வெள்ளி, காலை 6.40

தம்பி, உங்கட அந்த சேருக்கு ஒரு கோடி புண்ணியம் மனே. தாதி மிஸ்ஸிட்ட ஒரு கேள்வி. புதுக் குளிசை வந்திருக்காம், முழுத்தலைக்கும் முளைக்குமாம் என்று பேஸ்புக்கில பார்த்தன். உண்மையா?

பழைய வார்டுத் தாதி | வெள்ளி, காலை 9.10

உண்மைதான், ஆனால் முழுக்கதையையும் கேளுங்கள். பாரிசிட்டினிப் என்ற குளிசைக்கு அமெரிக்காவில் 2022இல் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2023இல் ரிட்லெசிட்டினிப், அது 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும். இரண்டும் கடுமையாக முடி போனவர்களுக்கான மருந்து, ஒன்றிரண்டு வட்டத்துக்கு இல்லை. நோய் எதிர்ப்பைக் கொஞ்சம் அடக்கி வைப்பதால், தொடங்க முதல் காசநோய் இருக்கா என்று பார்ப்பார்கள், இரத்தமும் சோதிப்பார்கள். எல்லோருக்கும் முளைப்பதில்லை, நிறுத்தினால் திரும்பவும் கொட்டலாம். ஒன்லைனில் எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை இது.

படுவான்கரை டீச்சர் | சனி, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. கல்லடி அம்மா சொன்னபடி தாயை வீட்டில் போய்ச் சந்தித்தேன். முதலில் பயந்தார். பிறகு, "சொல்லுங்க டீச்சர், என்ட பிள்ளைட பெயரையே சொல்லுங்க, மறைச்சு மறைச்சுக் களைச்சுப் போனன்" என்றார். பிள்ளையிடமும் கேட்டோம். அவள் பெயர் சொல்ல வேண்டாம் என்றாள். அதனால் சொல்லப் போவதில்லை. தொப்பிக்கு அதிபர் சம்மதித்துவிட்டார். ஆரம்பப் பிரிவில் யார் வேண்டுமானாலும் வெயிலுக்குத் தொப்பி போடலாம் என்று பொதுவாகவே அறிவிக்கிறோம்.

கூட்டத்தில் வாசிக்க எழுதியது இது, திருத்துங்கள்:

"பிள்ளைகளுக்கு முடி கொட்டினால் அது ஒட்டாது. பயப்படாதீர்கள். யாரையும் ஒதுக்காதீர்கள். கைமருந்து பூசாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்."

பழைய வார்டுத் தாதி | சனி, இரவு 7.05

முதல் வரியை அப்படி விட வேண்டாம் டீச்சர். பங்கசு இருக்கிற ஒரு பிள்ளையின் தாய் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுவார். இப்படிச் சொல்லுங்கள்: "வழவழப்பான வட்டம் ஒட்டாது. செதிலும் சொறியும் இருந்தால் ஒட்டும், ஆனால் மருந்து குடித்தால் முழுசாகச் சுகம் வரும். எது என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும்." பங்கசு பிள்ளையையும் வகுப்பில் இருந்து வெளியேற்றத் தேவையில்லை என்று சேருங்கள். மருந்து தொடங்கினால் பள்ளிக்கு வரலாம். சீப்பும் தொப்பியும் மட்டும் மற்றவர்களோடு மாற்றக் கூடாது. வீட்டில் மற்றப் பிள்ளைகளின் தலையையும் காட்ட வேண்டும்.

பாடசாலை வைத்திய பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களுக்கு நடக்கும். உங்கட வகுப்பு நாலாம் தரம்தானே. பரிசோதனைக்கு வரும்போது பின்னலை அவிழ்த்துத் தலையையும் பார்க்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பொத்துவில் நானா | சனி, இரவு 9.20

மிஸ், எங்களுக்கு மட்டக்களப்பு தூரம். நேரே தோல் கிளினிக்குப் போனா பார்ப்பாங்களா? என்ன கொண்டு போகணும்?

பழைய வார்டுத் தாதி | சனி, இரவு 9.45

முதலில் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியில் ஓபீடீயில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டுங்கள் நானா. அங்கே டொக்டர் தோல் கிளினிக்குத் துண்டு எழுதித் தருவார். உங்களுக்கு அம்பாறைப் பொது வைத்தியசாலை கிட்ட. மட்டக்களப்புப் பக்கம் என்றால் போதனா வைத்தியசாலை. காசு கட்டத் தேவையில்லை. கிளினிக் நாளை முன்கூட்டியே கேட்டு, காலையிலேயே போய் நம்பர் எடுங்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். இதுவரைக்கும் பூசின மருந்துக் குழாய், எண்ணெய்ப் போத்தல் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், பெயர் நினைவில்லாவிட்டாலும் டொக்டர் பார்த்துச் சொல்லுவார். வட்டம் தொடங்கின நாளில் இருந்து போனில் படம் எடுத்திருந்தால் காட்டுங்கள். போக முதல் மொட்டை அடிக்காதீர்கள், அன்றைக்கு எண்ணெயும் வைக்காதீர்கள். செதிலையும் முறிந்த முடியையும் சுரண்டி எடுத்துத்தான் பங்கசு இருக்கா என்று சோதிப்பார்கள்.